டேலிக்குத் தொலைவிலிருந்து சப்போர்ட்: சரியான ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் 16 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். கடையில் நான்கு கம்ப்யூட்டர், டேலி பிரைம் என்ற கணக்கு சாஃப்ட்வேர், பல கம்ப்யூட்டரில் ஓடும் கோல்டு லைசென்ஸ். எங்களுக்கு சப்போர்ட் தருபவர் இருப்பது மதுரையில். மூன்று வருடத்தில் அவரை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் அவர் குடும்பத்தோடு சென்னிமலைக்கு வந்தபோது. அவருக்கு முன்னால் இருந்தவர் பக்கத்துத் தெருக்காரர். கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வண்டியில் வந்து நிற்பார். நாங்கள் டேட்டாவை இழந்தது அந்தப் பக்கத்துத் தெருக்காரர் கையில்தான்.

அன்று மாதம் 19-ம் தேதி, மறுநாள் 3பி (மாத ஜிஎஸ்டி வரி ரிட்டர்ன்) கட்ட வேண்டும். மதியம் கரண்ட் போய் வந்ததிலிருந்து டேலியில் எங்கள் கம்பெனி (கணக்கு டேட்டா) திறக்கவில்லை. அவர் வந்தார், நின்றபடியே கீபோர்டைத் தன் பக்கம் திருப்பினார், ரிப்பேர் கொடுத்தார். பேக்கப் எடுக்கவில்லை. கம்பெனி திறந்தது, ஆனால் கடைசியாகப் போட்ட இரண்டு நாள் வவுச்சர்கள் (பில், வரவு செலவுப் பதிவுகள்) இல்லை. "இதுதாங்க வந்துச்சு, மிச்சத்தைப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நானும் கடைத் தம்பியும் இரவு 2 மணி வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினோம்.

அதன் பிறகு ஆள் தேடும்போது ஊரைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. டேட்டாவைத் தொடுவதற்கு முன் என்ன செய்வார் என்பதை மட்டும் பார்த்தேன். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். டேலியை வைத்துச் சொன்னாலும் வேறு பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை: ஒரு மாத நோட்டு

ஆளைத் தேடுவதற்கு முன்னால் ஒரு மாதம் நோட்டு போடுங்கள். கம்ப்யூட்டரில் எதில் தடங்கல் வந்தாலும் தேதி, நேரம், என்ன பிரச்சினை, எப்படித் தீர்ந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நான் எழுதியதில் ஒரு மாதத்தில் 31 வரி வந்தது. அதில் 9 பிரின்டர், நெட்வொர்க் வயர் சம்பந்தப்பட்டவை. 8 எங்களுக்குச் செய்யத் தெரியாதவை, அதாவது சாஃப்ட்வேரில் கோளாறு எதுவும் இல்லை. 6 ஜிஎஸ்டி போர்ட்டல், இ-வே பில் தளத்தில் வந்த சிக்கல். 3 பில் ஃபார்மட். உண்மையான டேலி கோளாறு 5தான்.

இதைப் பார்த்த பிறகு இரண்டு விஷயம் தெளிவானது. பிரின்டர், யுபிஎஸ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் மதுரையிலிருந்து யாராலும் சரிசெய்ய முடியாது. அதற்கு உள்ளூரில் ஒரு ஹார்டுவேர் ஆள் தனியாக வேண்டும். மற்ற 22-க்கும் எங்கிருந்து வேண்டுமானாலும் உதவி கிடைக்கும், ஆனால் அதில் பாதிக்கு மேல் கற்றுக்கொடுக்கிற பொறுமையும் ஜிஎஸ்டி அறிவும் உள்ள ஆள் வேண்டும். உங்கள் நோட்டில் வேறு கணக்கு வரலாம். அதைப் பார்த்துவிட்டுத் தேடப் போனால்தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரியும்.

சாவிகள் உங்கள் கையில் இருக்கின்றனவா?

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். புது ஆளைத் தேடுவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும்.

முதலில் லைசென்ஸ். டேலியில் எஃப்1 அழுத்தி அபௌட் பக்கத்துக்குப் போனால் லைசென்ஸ் விவரம் தெரியும். சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த லைசென்ஸ் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பல கடைகளில் வாங்கிய நாளில் "மெயில் ஐடி இல்லைங்க" என்று முதலாளி சொல்லியிருப்பார், விற்றவர் தன் ஐடியையே போட்டிருப்பார். எனக்குத் தெரிந்த ஒரு மளிகை மொத்த வியாபாரி கம்ப்யூட்டரை மாற்றியபோது ஓடிபி பழைய சப்போர்ட் ஆளின் மெயிலுக்குப் போனது. அந்த ஆள் தொழிலையே விட்டுவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தார். அவரைப் பிடித்து ஓடிபி வாங்க நான்கு நாளானது. அதுவரை பில் எல்லாம் கையால்தான். ஆகவே மெயில் ஐடி முதலாளியுடையதாக இருக்க வேண்டும், அதன் பாஸ்வேர்டு கடையில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இப்போது வேறு பெயரில் இருந்தால் பழைய ஆளோடு உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிடிஎல், அதாவது டேலியில் நம் தேவைக்கேற்ப எழுதிச் சேர்க்கும் புரோகிராம். உங்கள் பில்லில் கடை லோகோ, பேல் நம்பர், லாரி ஆபீஸ் பெயர் என்று தனியாக ஏதாவது வருகிறதென்றால், அதற்காக யாரோ டிடிஎல் எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எஃப்1 மெனுவில் டிடிஎல், ஆட்-ஆன் பகுதியில் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம். பெரும்பாலும் திறந்து படிக்க முடியாத கம்பைல் செய்த ஃபைலாகத்தான் கொடுப்பார்கள். டேலி புது ரிலீஸ் வரும்போது அது வேலை செய்யாமல் போகலாம். அப்போது எழுதிய ஆள் இல்லையென்றால் முதலிலிருந்து எழுத வேண்டும். சோர்ஸ் கிடைக்குமா என்று கேளுங்கள். சிலர் கொடுக்க மாட்டார்கள், அது அவர்கள் உழைப்பு, அதில் தவறில்லை. அப்படியென்றால் எந்த டிடிஎல் எதற்கு என்றாவது ஒரு பேப்பரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டேலி வால்ட் (கம்பெனி டேட்டாவுக்கே போடும் பூட்டு) போட்டிருந்தால் அந்தப் பாஸ்வேர்டு மறந்துபோனால் கம்பெனியைத் திறக்க வழியே இல்லை. சப்போர்ட் ஆளுக்கு மட்டும் தெரிந்த வால்ட் பாஸ்வேர்டு என்பது உங்கள் கணக்குப் புத்தகத்தை அவர் வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டியதற்குச் சமம்.

அப்புறம் இ-இன்வாய்ஸ், இ-வே பில் தளங்களின் யூசர்நேமும் பாஸ்வேர்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இந்தத் தளங்களில் எல்லோருக்குமே ஓடிபி கட்டாயம். அந்த ஓடிபி யார் செல்போனுக்கு வருகிறது என்று இன்றே பாருங்கள். வேலையை விட்டுப் போன பையனின் நம்பராக இருந்தால் லாரி வாசலில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

ஆளை எங்கே தேடுவது

உங்கள் ஊர்க்காரரா என்பதை விட உங்கள் தொழில் தெரிந்தவரா என்று பாருங்கள். ஜவுளிக் கடைக்கு சப்போர்ட் தருபவருக்கு மீட்டர், பீஸ், பேல் மூன்றும் ஒரே பில்லில் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். மருந்துக் கடை என்றால் பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும், ஜாப் ஒர்க் என்றால் மெட்டீரியல் அவுட், மெட்டீரியல் இன். அதே தொழிலில் வேறு ஊரில் இருப்பவரிடம் விசாரியுங்கள். பக்கத்துக் கடைக்காரர் போட்டிக்காரர், சொல்லத் தயங்குவார். கரூரில் இருப்பவரும் சேலத்தில் இருப்பவரும் தாராளமாகச் சொல்வார்கள்.

டேலி நிறுவனத்தின் சான்று பெற்ற பார்ட்னரா என்பதை அந்நிறுவனத்தின் தளத்திலேயே சரிபார்க்கலாம். சான்று இல்லாத திறமைசாலிகளும் உண்டு. ஆனால் லைசென்ஸ் சிக்கல் வரும்போது நிறுவனத்திடம் நேராகப் பேசி வாங்கித் தர பார்ட்னரால் முடிகிறது. ஆடிட்டர் சொல்லும் பெயரைக் கட்டாயம் பட்டியலில் சேருங்கள், ஆனால் அவர் சொன்னார் என்பதற்காக மற்ற சோதனைகளை விட்டுவிடாதீர்கள்.

மூன்று பெயர் போதும். பத்துப் பேரை அழைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

போன் சோதனை

மூன்று பேரையும் மூன்று நேரத்தில் அழையுங்கள்: மாதம் 11-ம் தேதி காலை, 20-ம் தேதி மாலை 5 மணிக்கு மேல், ஏதாவது ஒரு சனிக்கிழமை மாலை. மாதாமாதம் தாக்கல் செய்வோருக்கு 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்) கெடு, 20 3பி கெடு. இந்த நாட்களில் எல்லா சப்போர்ட் ஆட்களும் திணறுவார்கள். போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, எத்தனை மணிக்குத் திரும்ப அழைக்கிறார்கள் என்று பாருங்கள். விற்பதற்காகப் பேசும் இந்த நாளிலேயே திரும்ப அழைக்காதவர் பணம் வாங்கிய பிறகு அழைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பேசும்போது நான் கேட்கும் முக்கியமான கேள்வி இதுதான்: "2025 செப்டம்பர் 22 அன்று என்ன செய்தீர்கள்?" அன்றுதான் ஜிஎஸ்டி விகிதங்கள் நாடு முழுக்க மாறின. ரெடிமேட் துணியில் அதுவரை 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. அன்று முதல் 2500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. எங்கள் கடையில் இரண்டாயிரத்துக்கு மேல் ஐட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் திறந்து மாற்றினால் ஒரு வாரம் போய்விடும்.

மதுரைக்காரர் 18-ம் தேதியே எல்லா வாடிக்கையாளருக்கும் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "ஸ்டாக் குரூப் லெவல்ல ஸ்லாப் ரேட் போட்டுடலாம், 21-ந்தேதி ஞாயித்துக்கிழமை, கடை லீவுல பண்ணிக்கலாம், தேதி 22 போட மறந்துடாதீங்க, இல்லைன்னா பழைய பில்லு மாறிடும்" என்று. இப்படி ஒரு பதில் வந்தால் அந்த ஆள் வேலையை முன்கூட்டியே யோசிப்பவர் என்று நம்பலாம். "கால் வந்துச்சுங்க, போட்டுக் கொடுத்தோம்" என்பது மட்டும் பதிலாக வந்தால் நீங்கள் அழைத்தால்தான் அவர் நினைப்பார்.

எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒற்றை ஆள் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்று கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. எங்கள் ஆளும் தனியாள்தான். திண்டுக்கல்லில் இன்னொருவரோடு ஏற்பாடு வைத்திருக்கிறார், அந்த நம்பரையும் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

சோதனை அமர்வு: பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

தேர்வில் முக்கால்வாசி இங்கேதான். இரண்டு பேரைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் காசு கொடுத்தே வேலை வாங்குங்கள். இலவச டெமோ வேண்டாம். அதில் அவர் காட்ட விரும்புவதைத்தான் காட்டுவார்.

உண்மையான டேட்டாவைத் தராதீர்கள். பேக்கப் எடுத்து வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து அந்த நகலைக் கொடுங்கள். ஆனால் அது நகல் என்று அவரிடம் சொல்ல வேண்டாம். பிரச்சினை நிஜமானதாக இருக்கட்டும். ஜிஎஸ்டிஆர்-1-ல் அன்சர்ட்டனில் (விவரம் சரியில்லாமல் ரிட்டர்னில் சேராமல்) நிற்கும் பில்கள், 2பி-யோடு (நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியல்) ஒத்துவராத கொள்முதல், டேலி ஸ்டாக்குக்கும் குடோன் ஸ்டாக்குக்கும் வித்தியாசம், இப்படி ஏதாவது.

மதுரைக்காரரின் முதல் அமர்வு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனிடெஸ்க் (தொலைவிலிருந்து நம் கம்ப்யூட்டரை இயக்க விடும் செயலி) ஐடி சொன்னேன். திரையில் அக்செப்ட் கேட்டது. நான் அழுத்தப் போனபோது போனில் சொன்னார்: "இருங்கக்கா. பேங்க் பக்கம் ஏதாச்சும் திறந்திருந்தா முதல்ல மூடிடுங்க. வாட்ஸப் வெப்பும்." மூடினேன். "இப்ப அக்செப்ட் பண்ணுங்க. ஃபைல் டிரான்ஸ்ஃபர் டிக்க எடுத்துடுங்க, எனக்குத் தேவையில்லை." உள்ளே வந்ததும் மவுஸ் நேராக டேட்டா மெனுவுக்குப் போய் பேக்கப்பில் நின்றது. "டி டிரைவ்ல இன்னைத் தேதி போட்டு ஒண்ணு எடுத்துக்கறேன். எங்க வெச்சிருக்கேன்னு பாத்துக்குங்க." ஃபோல்டரைத் திறந்து ஃபைலின் அளவையும் நேரத்தையும் காட்டினார். அதன் பிறகுதான் பிரச்சினை என்ன என்று கேட்டார். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அந்த நான்கு நிமிடத்திலேயே என் மனதில் முடிவாகிவிட்டது.

மற்றவர் வேகமானவர். பிரச்சினையை மதுரைக்காரரைவிட சீக்கிரம் தீர்த்தார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் உள்ளே வந்தவுடன் அன்அட்டென்டட் பாஸ்வேர்டு (நாம் அக்செப்ட் கொடுக்காமலே உள்ளே வர வழி) ஒன்றைப் போட்டு வைத்தார், "அடுத்த தடவை உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம் பாருங்க" என்று. என்ன மாற்றினார் என்று கேட்டதற்கு "செட்டிங்ஸ்தான்" என்றார். திறமை இருந்தும் அவரை நான் எடுக்கவில்லை.

அமர்வில் கவனிக்க வேண்டியது இதுதான்: தொடுவதற்கு முன் பேக்கப் எடுத்தாரா, கையை எங்கே வைக்கிறேன் என்று வாயால் சொன்னாரா, தெரியாததைத் தெரியாது என்றாரா, முடிந்ததும் என்ன மாற்றினார் என்று எழுதி அனுப்பினாரா, அவரே இணைப்பைத் துண்டித்தாரா. நீங்களே செய்யும்படி ஒரு முறையாவது மவுஸை உங்கள் கையில் கொடுத்தாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிக் கொடுப்பவரிடம் வருடக் கடைசியில் நமக்குத் தேவைப்படும் அழைப்புகளே குறையும்.

தொலை இணைப்பு எப்படி இருக்க வேண்டும்

எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் எதுவானாலும் சரி. ஆனால் எனிடெஸ்க், டீம்வியூவரின் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். தொழிலுக்கு இலவசத்தை ஓட்டினால் இணைப்பு நடுவில் அறுந்துவிடலாம். காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள், தொழிலை எவ்வளவு அக்கறையாக நடத்துகிறார் என்பது அதிலும் தெரியும்.

2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் வழியாக நடக்கும் பண மோசடி பற்றி ரிசர்வ் வங்கி எச்சரித்தது. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் சர்வர்களில் ஊடுருவல் நடந்ததாக அறிவித்துப் பழைய சான்றிதழ்களை மாற்றியது. பழைய பதிப்பு கடையில் இருந்தால் நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அன்அட்டென்டட் அணுகல் வேண்டாம். அழைத்தபோது ஒருவர் உட்கார்ந்து அக்செப்ட் கொடுக்க வேண்டும், முடியும்வரை அதே நாற்காலியில் இருக்க வேண்டும். நெட் பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டரில் இந்தச் செயலியே இருக்கக் கூடாது. எங்கள் கடையில் முதலாளி அறைக் கம்ப்யூட்டரில் கிடையாது.

"டேலியிலிருந்து பேசறோம்" என்று தானாக வரும் அழைப்புக்கு ஐடி சொல்லவே சொல்லாதீர்கள். பணம் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், சப்போர்ட் ஆளை அழைப்பது அதற்குப் பிறகு.

டேலியில் சப்போர்ட்டுக்கென்று தனி யூசர் உருவாக்குங்கள். பலர் முதலாளி ஐடியிலேயே வேலை பார்க்க விடுகிறார்கள். எடிட் லாக் (திருத்தங்களின் பதிவேடு) ஓடும் கம்பெனியில் யார், எப்போது, எந்த வவுச்சரை மாற்றினார் என்பது யூசர் பெயரோடு பதிகிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இந்தப் பதிவு சட்டப்படி கட்டாயம். சப்போர்ட் ஆள் முதலாளி பெயரில் ஒரு பில்லைத் திருத்தினால் ஆடிட்டர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி. கட்டாயம் இல்லாத கடைகளும் இதைப் போட்டுக்கொள்ளலாம், நாங்கள் போட்டிருக்கிறோம்.

ஒப்பந்தம்

ஏஎம்சியும் டிஎஸ்எஸும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். டிஎஸ்எஸ் டேலி நிறுவனத்துக்குப் போகும் சந்தா, புது ரிலீஸும் தொலைவிலிருந்து கணக்கு பார்க்கும் வசதியும் அதில் வரும். ஏஎம்சி என்பது உங்கள் சப்போர்ட் ஆளின் உழைப்புக்குத் தரும் வருடக் கட்டணம். இரண்டையும் ஒரே பில்லில் ஒரே தொகையாகக் கேட்டால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

நீளமான ஒப்பந்தம் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. 11, 20 தேதிகளில் எதுவரை. அழைத்தால் எத்தனை நேரத்தில் பதில். எது ஏஎம்சியில் சேராது. ரிலீஸ் மாற்றினால் பழைய டிடிஎல்லைச் சரிசெய்யத் தனிக் காசா. டேட்டாவை அவர் கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போகலாமா, போனால் எப்போது அழிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கம்பெனி ஃபோல்டரில் உங்கள் வாடிக்கையாளர், விலை, பாக்கி எல்லாம் இருக்கிறது.

"பதில்" என்பதும் "தீர்வு" என்பதும் வேறு வேறு. அரை மணியில் பதில் என்று எழுதியிருந்தால் அரை மணியில் போனை எடுப்பார், அவ்வளவுதான். வேலையே நிற்கும் கோளாறுக்கு மட்டும் தனியாக ஒரு நேரம் குறியுங்கள். பணத்தை முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

முதல் மூன்று மாதம்

பழைய நோட்டைத் தொடருங்கள், இப்போது இரண்டு பத்தி கூடுதலாக: அழைத்த நேரம், தீர்ந்த நேரம். மாதம் ஒரு முறை அவரை வைத்தே ஒரு பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், திறந்து பார்ப்பவர்கள் குறைவு. எங்கள் இரண்டாவது மாதத்தில் பென்டிரைவில் இருந்த ஆறு நாள் பேக்கப்பும் திறக்கவில்லை, பென்டிரைவ் பழுது. ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டறிக்கை கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பாற்ற வேண்டும், ஒற்றைப் பென்டிரைவை நம்பி அதைச் செய்ய முடியாது. இப்போது தினமும் இரண்டு இடத்தில் எடுக்கிறோம், ஒன்று கடைக்கு வெளியே.

புது ரிலீஸ் வந்தால் அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். டேலி பிரைம் 3.0 வந்தபோது டேட்டாவை மைக்ரேட் செய்ய (புது வடிவத்துக்கு மாற்ற) வேண்டியிருந்தது, மாற்றிய டேட்டா பழைய ரிலீஸில் திறக்காது. "இந்த மாசம் ரிட்டர்ன் முடியட்டும், அப்புறம் மாத்தலாம்" என்பவர் உங்கள் கடையை மனதில் வைத்துப் பேசுகிறார்.

பிரிய வேண்டி வந்தால்

சண்டையாக இருக்க வேண்டியதில்லை. வரிசை முக்கியம். முதலில் முழு பேக்கப் எடுத்துத் திறந்து பாருங்கள். லைசென்ஸ் மெயிலும் பாஸ்வேர்டும் உங்களிடம் இருப்பதை உறுதிசெய்யுங்கள். கம்ப்யூட்டரையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் பழையதில் லைசென்ஸை சரண்டர் செய்த (விடுவித்த) பிறகே ஃபார்மட் போடுங்கள். அதன் பிறகு அவருடைய டேலி யூசரை நீக்குங்கள், தொலை இணைப்புச் செயலியை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், இ-இன்வாய்ஸ், இ-வே பில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அவரிடம் இருக்கும் உங்கள் டேட்டாவை அழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பாக்கித் தொகையை அதே நாளில் கொடுத்துவிடுங்கள். இதையெல்லாம் 11, 20 தேதிகள் தாண்டி, 25-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.